மே 16 பயணம்: பாறைக்குப் போகும் முன் காட்டிலும் ஆற்றங்கரையிலும் ஏன் நடக்கிறோம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

மே 16, சனிக்கிழமை, வழமையான தமிழ் வகுப்புகள் நடைபெறாது. அன்று பிள்ளைகளை தென் இங்கிலாந்தின் சசெக்ஸ் கடற்கரையில் உள்ள செவன் சிஸ்டர்ஸ் வெண்பாறைகளுக்கு அழைத்துச் செல்கிறோம். அறிவிப்பு வந்த நாள் முதல் அலுவலகத்தில் இரண்டு கேள்விகள் ஓயவில்லை. தேர்வு நெருங்கும் வேளையில் ஒரு சனிக்கிழமையை இழக்கலாமா என்பது முதலாவது. ஒரு வகுப்பு விடுபட்டால் மறந்துபோகும் தமிழை எங்கள் ஆசிரியர்கள் கற்றுக்கொடுக்கவில்லை என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது கேள்வி நியாயமானது. பேருந்தில் நேராகப் பாறைக்குப் போய், படம் எடுத்துக்கொண்டு, மிச்சப் பொழுதை பிரைட்டனில் கழித்துவிட்டு வரலாமே. காட்டிலும் ஆற்றங்கரையிலும் பிள்ளைகளை எதற்காக நடக்கவிட வேண்டும் என்று பலர் கேட்டீர்கள். காட்டையும் ஆற்றையும் பார்க்காமல் போனால் அந்தப் பாறை வெறும் வெள்ளைச் சுவராகத்தான் தெரியும். அதனால்தான் பயணத்தை இப்படி வகுத்திருக்கிறோம்.

அங்கே காலடியில் இருப்பதெல்லாம் ஒரே கல், சீமைச் சுண்ணாம்பு. சுமார் எட்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், அந்த இடம் கடலடியில் கிடந்தது. கடல் நீரில் மிதந்த ஒற்றைச் செல் பாசிகளின் நுண்ணிய சுண்ணாம்புத் தகடுகள் அடியில் படிந்துகொண்டே இருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு ஓரிரு சென்டிமீட்டர் என்ற அளவில்தான் அந்தப் படிவு உயர்ந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உயரத்துக்கு அது சேர சுமார் ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கும். செவன் சிஸ்டர்ஸ் வரிசையில் மிக உயரமான ஹேவன் பிரௌ 77 மீட்டர். மீதிக் கணக்கை ஆறாம் வகுப்பினர் பேருந்தில் போட்டு முடித்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். விடையை நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கல்லின் குணம் தண்ணீரைக் குடிப்பது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பெற்றோருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் குடாநாடும் சுண்ணக்கல்தான். வயதில் இதைவிட மிகவும் இளையது. மாரியில் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் அங்கே ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. பெய்த மழை கல்லுக்குள் இறங்கி, கிணற்றில் நமக்குக் கிடைத்தது. சசெக்ஸ் குன்றுகளிலும் அதே கதைதான். ஈஸ்ட்போர்ன் நகர மக்கள் குடிக்கும் நீரில் பெரும் பங்கு இந்தச் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருகிறது. நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்த அனுபவம் உள்ள அப்பாக்களும் அம்மாக்களும் அன்று எங்களோடு வந்தால், ஆசிரியர்கள் சொல்வதைவிட நன்றாகவே பிள்ளைகளுக்குச் சொல்ல முடியும்.

காலையில் எக்சீட் என்னும் இடத்தில் இறங்கி, முதலில் ஃபிரிஸ்டன் காட்டுக்குள் போகிறோம். பெயர்தான் காடு; முந்திய தலைமுறைகளுக்கு அது செம்மறி மேய்ந்த வெறும் புல்மேடு. மரங்கள் 1920களிலிருந்து நடப்பட்டவை, பெரும்பாலும் பீச் மரங்கள். சுண்ணாம்பின் மேல் படிந்த மெல்லிய மண்ணிலும் அவை தழைத்துவிட்டன. மே மாதத்தில் இலைகள் இன்னும் இளம்பச்சையாகவே இருக்கும். ஒரு மணி நேரம் நடந்தாலும் காட்டுக்குள் ஓர் ஓடைகூடக் கண்ணில் படாது. ஏன் என்று பிள்ளைகளே கேட்கும் வரை வாய் திறக்கக் கூடாது என்பது ஆசிரியர்களுக்கு என் கட்டளை. காட்டோரத்தில் வெஸ்ட் டீன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மதில்களெல்லாம் சிக்கிமுக்கிக் கற்களால் கட்டியவை. அந்தக் கற்களைப் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும், பின்னால் கடற்கரையில் மீண்டும் சந்திப்பார்கள்.

காட்டிலிருந்து எக்சீட்டுக்கு இறங்கும் படிக்கட்டின் உச்சியில் கக்மியர் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்கு முன் விரியும். ஆறு பாம்பாக வளைந்து வளைந்து கடலுக்குப் போவது தெரியும். உண்மையில் அந்த வளைவுகளில் ஆறு ஓடவில்லை. வெள்ளத்தைக் கட்டுப்படுத்த 1846இல் பக்கத்தில் நேராக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அன்று முதல் ஓட்டமெல்லாம் அந்த வாய்க்காலில்தான், வளைவுகளில் நிற்பது தேங்கிய நீர். நாள்காட்டிப் படங்களில் பார்த்துச் சொக்கிப்போகும் அந்த வளைவுகள் ஓட்டம் நின்றுபோன பழைய தடம் என்று தெரிந்த பிறகும் அழகு குறைவதில்லை. சிறு வெண்கொக்குகள் அங்கே நிற்கக் காணலாம்.

ஆற்று முகத்தில் துறைமுகமோ ஊரோ இல்லை. அதனால்தான் 18ஆம் நூற்றாண்டில் கடத்தல்காரர்கள் பிராந்தியும் தேயிலையும் இறக்க இந்த இடம் வசதியாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் இரவு நேரங்களில் இங்கே விளக்குகளை வைத்து, பக்கத்துத் துறைமுகமான நியூஹேவன் இதுதான் என்று ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பையன்களை நடக்க வைக்க இந்த ஒரு செய்தி போதும்.

இனிப் பாறை. ஏழு சகோதரிகள் என்று பெயர், எண்ணினால் எட்டு மேடுகள் வரும். மேடுகளுக்கு இடையே உள்ள பள்ளங்கள் எல்லாம் பழைய பள்ளத்தாக்குகள், இன்று ஒரு சொட்டு நீர் ஓடாதவை. கல் நீரைக் குடித்துவிடுமே, பிறகு பள்ளத்தாக்கை வெட்டியது யார் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பனியுகத்தில் நிலத்தடி உறைந்து கிடந்தது. உருகிய பனிநீர் கல்லுக்குள் இறங்க வழியில்லாமல் மேலாக ஓடி நிலத்தை அரித்தது. நிலம் இளகியதும் நீர் மறுபடி உள்ளே இறங்கிவிட, பள்ளங்கள் மட்டும் வறண்டு நின்றன. பிறகு கடல் உயர்ந்து வந்து அந்தக் குன்றுகளைக் குறுக்காக வெட்டியது. வெட்டிய முகத்தைத்தான் நாம் பாறை என்று படம் எடுக்கிறோம். காட்டில் ஓடை இல்லாததைப் பார்த்த பிள்ளைக்கு இது ஒரு நொடியில் விளங்கும்.

அது வெள்ளையாக இருப்பதற்கும் கடலே காரணம். அலை அடியை அரிக்க அரிக்க மேலே உள்ளது சரிந்து, புது முகம் தெரிகிறது. கடல் தொடாத இடத்தில் புல்லும் செடியும் மூடிவிடும். டோவர் பாறை என்று சொல்லிப் படப்பிடிப்புக்காரர்கள் இங்கே வந்து எடுப்பதும் இந்த வெண்மைக்காகத்தான். நடை முடியும் பர்லிங் காப்பிலிருந்து பார்த்தால் கிழக்கே மேட்டில் பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கம் தெரியும். விளிம்பு நெருங்கி வந்ததால் 1999இல் 850 டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை அப்படியே 17 மீட்டர் பின்னால் நகர்த்தினார்கள்.

பர்லிங் காப்பில் படி வழியாகக் கரைக்கு இறங்கலாம். உடைந்து கிடக்கும் சுண்ணாம்புத் துண்டில் ஆசிரியர் ஒரு சொட்டு வினிகர் விடுவார், நுரைத்துப் பொங்கும். அதன் பக்கத்திலேயே கிடக்கும் சிக்கிமுக்கிக் கல்லில் விட்டால் ஒன்றும் நடக்காது. வெளியே வெள்ளைத் தோலும் உடைத்த இடத்தில் கண்ணாடி மினுக்கத்தோடு கருநிறமுமாக இருக்கும் அந்தக் கல், பழங்காலக் கடற்பஞ்சுகளின் சிலிக்காவில் பிறந்தது. கல் எதையும் வீட்டுக்கு எடுத்து வர அனுமதி இல்லை. சட்டைப் பைகளை நான் சோதிப்பேன்.

பாதுகாப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். மேட்டில் பெரும்பாலும் வேலி கிடையாது. விளிம்பில் புல் உறுதியாகத் தெரியும், ஆனால் அடியில் கல் இல்லாமல் இருக்கக்கூடும். 2017இல் படத்துக்காக விளிம்பருகே துள்ளிய ஒரு வெளிநாட்டு மாணவி விழுந்து உயிரிழந்தார். விளிம்பிலிருந்து முப்பது அடிக்குள் எங்கள் பிள்ளைகள் யாரும் போக மாட்டார்கள். கூட வரும் பெற்றோரும் போகக் கூடாது. சொன்னால் கேட்காதவர்கள் பொதுவாகக் கைபேசி வைத்திருக்கும் பெரியவர்கள்தான் என்பது எங்கள் ஆசிரியர்களின் ஒருமித்த கருத்து. கரையில் பாறையின் அடியில் உட்காரவும் கூடாது, பாறை முன்னறிவிப்பின்றிச் சரியும். ஏழு பாறைகளும் ஒன்றாகத் தெரியும் அந்தப் பிரபலமான படம் ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து எடுக்கப்படுவது. ஆற்று முகத்தில் பாலம் இல்லை. குறுக்கே இறங்கிக் கடக்கலாம் என்று எவரும் நினைக்க வேண்டாம்.

நான்காம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் காட்டில் சிறிது தூரம் நடந்து, ஆற்றோரமாகக் கடற்கரை வரை போய் எக்சீட்டுக்குத் திரும்புவார்கள். மூத்தவர்கள் மேடுகளின் மேலாக பர்லிங் காப் வரை நடப்பார்கள். ஏற்ற இறக்கம் அதிகம், காற்றும் பலமாக வீசும். பிடிமானமுள்ள பழைய காலணி, மழை மேலாடை, ஒரு லீட்டர் தண்ணீர் கட்டாயம். வெள்ளைச் சேறு புதுக் காலணியை விட்டுப் போகாது. மதிய உணவுக்குக் கட்டுச்சோறோ ரோல்ஸோ எதுவானாலும் சரி; குழம்பு மட்டும் வேண்டாம், சென்ற ஆண்டு பேருந்து இருக்கையைக் கழுவியவர்கள் எங்கள் ஆசிரியர்களே. வழியில் செம்மறிகள் மேயும். அவற்றுக்கு உணவு கொடுக்கக் கூடாது, கடந்த படலைகளை மூடிவிட்டே நகர வேண்டும்.

பேருந்து காலை 7.30க்குப் பள்ளி வாசலிலிருந்து புறப்படும். திரும்பி வர மாலை ஆறரை ஆகலாம். கட்டணம் ஒரு பிள்ளைக்கு 18 பவுண்டு. சிரமம் உள்ளவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டேன். பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் என்று கணக்கிட்டிருக்கிறோம். இன்னும் ஆறு பெற்றோர் தேவை. நடக்கக்கூடியவர்கள், படத்துக்காக விளிம்புக்கு ஓடாதவர்கள், மே 9ஆம் தேதிக்குள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். இணைத்துள்ள ஒப்புதல் படிவமும் அதே நாளுக்குள் வந்து சேர வேண்டும். ஒவ்வாமை, ஆஸ்துமா இருந்தால் மருந்தின் பெயரோடு எழுதுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்