அம்முவுக்கு, கருவி வாங்கும் முன்

அன்புள்ள அம்மு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். நீ வீட்டிலேயே கட்டப்போகிற ஆர்வி-7 விமானக் கிட்டுக்கு (பாகங்களாக வந்து நாமே சேர்த்துக் கட்டுகிற விமானம்) வேண்டிய கருவிகளுக்கு ஒவ்வொரு கடையாக விலை எழுதி, கூட்டி, எது குறைவோ அதை வட்டமிட்டிருக்கிறாய். கூட்டலில் தப்பே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? விமான ஹேங்கரில் தகடு வேலை பார்த்தே ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் உன் பட்டியலைக் கலைத்துப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

தகட்டிலோ, தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவெட் ஆணியிலோ தன் தடத்தை விட்டுப் போகிற கருவிகளை ஒரு பக்கம் எழுதினேன், மீதியை மறுபக்கம். முதல் பக்கத்தில் டிம்பிள் டை (தகட்டில் குழி அழுத்தும் அச்சு), ரிவெட் கன் (ரிவெட்டை அடிக்கும் காற்றுச் சுத்தி), அதன் நுனியில் மாட்டும் செட், பக்கிங் பார் (அடிக்கும்போது ரிவெட்டின் மறுமுனையில் பிடிக்கும் உலோகக் கட்டி), ஸ்க்வீசர் (ரிவெட்டை அழுத்தி நசுக்குவது), கவுண்டர்சிங்க் (ரிவெட் தலைக்குக் குழி குடைவது), டிரில் பிட். இவற்றை விமானக் கருவி மட்டுமே விற்கிறவர்களிடம் வாங்கு. மறுபக்கத்தில் இருக்கும் கம்ப்ரசர், வைஸ், அரம், கிளாம்ப், பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பான் எல்லாம் எந்த ஹார்டுவேர் கடையில் கிடைத்தாலும் போதும். அதற்கு விமானக் கடை விலை கொடுப்பது வீண்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், டிம்பிள் டையை மட்டும் எடுத்துக்கொள். ஆர்வி-7இன் மேல்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. ரிவெட் தலை தகட்டோடு சமமாக உட்கார 100 டிகிரிக் குழி வேண்டும். அவ்வளவு மெல்லிய தகட்டைக் குடைந்தால் உலோகமே மிஞ்சாது. அதனால்தான் இரண்டு டைக்கு நடுவே வைத்து அழுத்திக் குழிக்கிறோம். அழுத்தம் விட்டதும் தகடு கொஞ்சம் திரும்பி எழும்பப் பார்க்கும். நல்ல டையின் முகத்தில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு வளைவு இருக்கும், அந்த எழும்பலைக் கணக்கில் வைத்துச் செய்தது. மலிவு டையில் முகம் மொட்டைத் தட்டையாக இருக்கும். குழியைச் சுற்றி ஒரு பள்ள வளையம் விழும். வர்ணம் அடித்த பிறகு சாய்ந்த வெயிலில் இறக்கையைப் பார்த்தால் ஒவ்வொரு ரிவெட்டும் தனித்தனியாகத் தெரியும். உன் விமானத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் ரிவெட் இருக்கிறது, யோசித்துக்கொள்.

கவுண்டர்சிங்க்கும் அப்படித்தான். ஹார்டுவேர் கடையில் கிடைப்பது பொதுவாக 82 அல்லது 90 டிகிரி. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அதில் குடைந்த குழியில் 100 டிகிரி ரிவெட் தலை ஒழுங்காக உட்காராது.

ரிவெட் கன்னில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கார் பட்டறைக்கென்று விற்கும் ஏர் ஹேமரும் ரிவெட் கன்னும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டிலும் செட் மாட்டும் துளை 0.401 அங்குலம்தான், ஒன்றின் செட் மற்றதில் கச்சிதமாக மாட்டிக்கொள்ளும். பிறகென்ன என்று தோன்றும். விஷயம் டிரிக்கரில் இருக்கிறது. நல்ல ரிவெட் கன்னில் விரலை மெல்ல அழுத்தினால் டொக்... டொக்... என்று தொடங்கி, அழுத்த அழுத்த வேகம் எடுக்கும். ஏர் ஹேமர் தொட்டவுடன் படபடவென்று அடிக்கும். முதல் இரண்டு அடி மெதுவாக விழுந்தால்தான் செட் ரிவெட் தலையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மறுபுறம் பக்கிங் பார் நேராக இருக்கிறதா என்று கைக்குத் தெரியும். அந்த அவகாசத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம். கன்னின் அடிபலத்தைச் சொல்லும் அளவில் 3எக்ஸ் உனக்குப் போதும்.

பக்கிங் பாருக்கு டங்ஸ்டன் கிடைத்தால் ஒன்று வாங்கிக்கொள். எஃகைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனம், அதனால் சின்னதாக இருந்தாலும் வேலை செய்யும். இறக்கை விலாவுக்குள் விரல் மட்டுமே நுழையும் மூலைகளில் அதன் அருமை தெரியும். விலை அதிகம்தான். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதே என்பேன். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

டிரில் பிட் பற்றி ஒரு வரி. 3/32 அங்குல ரிவெட்டுக்கு 40ஆம் எண் பிட், 1/8 அங்குலத்துக்கு 30ஆம் எண். எண் வரிசைப் பிட்டுகள் சாதாரணக் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. இந்த இரண்டு எண்களில் மட்டும் டஜன் டஜனாக வாங்கு. நூறு அளவு அடங்கிய அழகான பெட்டி எல்லாம் வேண்டாம், அதில் பாதிக்கு மேல் உறை பிரிக்காமலே கிடக்கும்.

எங்கே வாங்குவது என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவின் அயோவாவில் கிளீவ்லாந்து ஏர்கிராப்ட் டூல் இருக்கிறது, டிம்பிள் டைக்குப் பேர் போனது. ஏர்கிராப்ட் ஸ்ப்ரூஸ் பெரிய கடை, திருகிலிருந்து எஞ்சின் வரை வைத்திருப்பார்கள். பெயரை விட முக்கியம், போன் போட்டுப் பேசிப் பார்ப்பது. "ஆர்வி-7க்கு என்ன ஸ்க்வீசர் யோக் வாங்கலாம்?" என்று கேள் (யோக் என்பது ரிவெட்டைக் கவ்வும் ஸ்க்வீசரின் வாய்). உடனே விலை சொல்கிறவரை விட, "வால் பகுதியா இறக்கையா, கையால் அழுத்துகிறதா காற்றிலா?" என்று திருப்பிக் கேட்கிறவர் நல்லவர். நாளைக்கு ரிவெட் கன்னில் ஒரு ஸ்பிரிங் உடைந்தால் அதை மட்டும் தனியாக அனுப்புவார்களா என்றும் கேட்டுவிடு.

மொத்தமாகப் பெட்டியில் போட்டு விற்கும் 'ஆர்வி செட்' வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் அப்படியே வாங்காதே. உன்னிடம் ஏற்கெனவே இருப்பதை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் நான்கு அங்குல யோக் வைத்துத் தரச் சொல். கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? இன்னொரு கிட்டான ஆர்வி-12 மாதிரி பெரும்பாலும் இழுத்து அடைக்கிற ரிவெட்டாக இருந்தால் இந்தப் பட்டியலில் பாதி தேவையே இல்லை. நீதான் கஷ்டமானதைத் தேர்ந்தெடுத்தாய். எனக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச்சில் மட்டும் கவனம். கார் சக்கரத்துக்கு வாங்கினது இதற்கு உதவாது. விமானத்தில் வரும் சின்ன ஏஎன்3 ரக போல்ட்டின் நட்டுக்கு 20 முதல் 25 அங்குல-பவுண்டு. பெரிய ரெஞ்ச்சில் அந்த அளவே தொடங்காது. சின்னதாக, அங்குல-பவுண்டில் காட்டுவது வேண்டும்.

கம்ப்ரசர் உள்ளூரில் வாங்கு, எண்ணெய் போட்டு ஓடுகிற வகையாகப் பார். எண்ணெய் இல்லாத சின்ன ரகங்கள் பல அலறும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடச் சொல்கிறார் அப்பா.

பழைய கருவி கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். விமானம் கட்டி முடித்தவர் கருவிகளை விற்றுவிடுவார், நீயும் ஒருநாள் விற்பாய். நல்ல கருவிக்கு அப்போதும் நல்ல விலை வரும். ரிவெட் அடிக்கும்வரை தகடுகளைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் ஊசியான கிளிகோவெல்லாம் பழசே போதும், நூற்றுக்கணக்கில் வேண்டியிருக்கும். அழுத்திப் பார், இரண்டு நுனியும் கோணாமல் சேர்ந்தால் சரி, அழுக்கைக் கழுவிக்கொள்ளலாம். பக்கிங் பாரின் முகத்தில் சின்னக் கீறல் இருந்தாலும் அது அப்படியே ரிவெட்டில் பதியும். தேய்த்துப் பளபளப்பாக்க முடிந்தால் வாங்கு. ரிவெட் கன்னை மரக்கட்டையில் வைத்து அடித்துப் பார். கட்டை இல்லாமல் வெறுமனே டிரிக்கரை அழுத்தாதே, செட் பிய்த்துக்கொண்டு பறக்கும்.

யாரோ தன் பழைய கருவிகளை முழு செட்டாக விற்பதாகச் சொன்னாயே, அதைப் பார்த்துவிட்டு மற்றதற்கு ஆர்டர் போடு. போகும்போது மெல்லிய அலுமினியத் துண்டும் நாலைந்து ரிவெட்டும் எடுத்துக்கொண்டு போ. அவருடைய டையிலேயே குழித்து, குழியின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். வீடியோ கால் போட்டால் நானும் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பாவும் இருப்பார், டங்ஸ்டனுக்கு எதிராகப் பேசுவார், கண்டுகொள்ளாதே.

அன்புடன்,
அம்மா