முப்பது வருடம் கழித்து நெப்ராஸ்காவோடு ஓர் ஆட்டம்

அன்புள்ள பாலு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. நம் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணி, பென் ஸ்டேட். சிரிக்காதே.

என் சின்ன மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். புள்ளியியல் படிக்கிறான் என்று சொன்னேனே, வந்த இடத்தில் லேப்டாப்பில் ஒரு நாக்-அவுட் போட்டியையே கட்டிவிட்டான். பழைய அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகள் 16. தோற்றால் வீட்டுக்கு. எத்தனை யார்டு ஓடினார்கள், எத்தனை புள்ளி விட்டுக்கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு அணிக்கும் அந்த சீசனின் கணக்கைக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு பிளேக்கும், அதாவது பந்தை எடுத்து ஆடும் ஒவ்வொரு முயற்சிக்கும், கணினி தாயம் உருட்டும். 2001 மயாமி, 2005 டெக்சஸ், 2019 எல்எஸ்யூ எல்லாம் பட்டியலில் இருந்தன. நான் கேட்டது ஒன்றுதான்: 1994 பென் ஸ்டேட்டும் 1994 நெப்ராஸ்காவும் முதல் சுற்றிலேயே மோத வேண்டும்.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அணியும் அந்த வருடம் தோற்கவே இல்லை. நம் லீகான பிக் டென்னின் சாம்பியன், சீசன் முடிவில் பாசடீனாவில் நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டுப்பாட்டில் நாம் அங்கே போனோம், அவர்கள் ஆரஞ்சு பவுல் என்ற வேறு ஆட்டத்துக்கு. மோதாமலே, பத்திரிகைக்காரர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டுக் கோப்பையை நெப்ராஸ்காவுக்குக் கொடுத்தார்கள். ரோஸ் பவுல் அன்று நீ குக்கரை இறக்க உள்ளே போனாய். திரும்பி வருவதற்குள் நம் முதல் பிளேயிலேயே நம் ஓட்டக்காரன் கி-ஜானா கார்ட்டர் 83 யார்டு ஓடி முடித்துவிட்டான். கரண்டியோடு நின்று "மறுபடி போடச் சொல்லு" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாய்.

எனக்கு இன்னும் ஆறாதது அந்த இந்தியானா ஆட்டம். ஒஹாயோ ஸ்டேட்டை நாம் 63-14 என்று துவைத்த அன்றே பத்திரிகைக்காரர்களின் ஓட்டு நெப்ராஸ்கா பக்கம் போய்விட்டது, அது வேறு கொடுமை. அடுத்த வாரம் இந்தியானாவோடு 35-14 என்று முன்னால் இருந்தபோது, போதும் என்று நம் பயிற்சியாளர் பட்டர்னோ இரண்டாம் வரிசைப் பையன்களை இறக்கினார். இந்தியானா கடைசி நேரத்தில் இரண்டு டச்டவுன் போட்டு 35-29 ஆக்கிவிட்டது. ஸ்கோரை மட்டும் பார்த்தவர்களுக்கு அது ஏதோ தப்பிப்பிழைத்த வெற்றி மாதிரி தெரிந்தது. பயிற்சியாளர்களின் ஓட்டும் அதோடு போயிற்று.

சரி, மகன் கட்டிய கணினி ஆட்டத்துக்கு வருகிறேன். நெப்ராஸ்காவின் முதன்மைக் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்துபவன், டாமி ஃப்ரேஸியர் ரத்தக்கட்டியால் அந்த சீசனில் பெரும்பாலும் ஆடவில்லை என்பதால், அந்த இடத்தில் ப்ரூக் பெரிஞ்சரை மகன் போட்டிருந்தான். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். முதல் பாதியில் நாம்தான் முன்னால். ஆனால் நெப்ராஸ்கா தெரியும்தானே, நாலு யார்டு, ஐந்து யார்டு என்று ஓடி ஓடியே ஆளைத் தேய்த்துவிடுவார்கள். கடைசியில் 34-31, அவர்கள் முன்னால். நாலு விநாடி பாக்கி, பந்து நம்மிடம், அவர்களுடைய 22ஆவது யார்டில். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, சமம். திரையில் ஒரே வரி வந்தது: 'ஃபீல்ட் கோல், 39 யார்டு, தவறியது.' படம் கிடையாது, சத்தம் கிடையாது. என் காப்பி ஆறிப்போயிருந்தது.

கணக்கைக் காட்டச் சொன்னேன். நம் தற்காப்புக்கு மதிப்பெண் குறைவாக இருந்தது. தோண்டிப் பார்த்தால் இந்தியானாவின் அந்தக் கடைசி நேர 15 புள்ளியும் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது! அன்று ஓட்டுப் போட்டவர்கள் ஏமாந்த அதே இடத்தில் இந்தக் கணினியும் ஏமாந்திருக்கிறது. "அப்பா, 12 ஆட்டத்துக்குப் பிரித்தால் ஆட்டத்துக்கு ஒன்றேகால் புள்ளிதான்" என்றான். மூன்று புள்ளியில்தானே தோற்றோம் என்றேன். ஓர் ஆட்டம் எதையும் காட்டாது, ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்றான். ஆயிரம் தடவை ஓட்டினால் அதற்குப் பெயர் நாக்-அவுட்டா?

இப்போதைய பையன்களுக்கு இந்த வயிற்றெரிச்சலே புரியாது. 2024 சீசனிலிருந்து, சாம்பியனை முடிவு செய்யும் பிளே-ஆஃப் நாக்-அவுட்டில் 12 அணி. முதல் வருடமே, சீசனில் இரண்டு ஆட்டம் தோற்ற ஒஹாயோ ஸ்டேட் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. தோற்காத நமக்கு ஒன்றுமில்லை.

நேற்று ராத்திரி அவன் தூங்கின பிறகு அந்த 15 புள்ளியைக் கழித்துவிட்டு நானே ஒரு தடவை ஓட்டினேன். 27-24, நமக்கு. அவனிடம் சொல்லவில்லை, நீயும் வாட்ஸ்அப்பில் உளறிவைக்காதே.

பிசியோதெரபியை நடுவில் நிறுத்திவிடாதே. டிசம்பரில் ஊருக்கு வருகிறேன், உன் வீட்டுக்கு வரும்போது நீயே வந்து கதவைத் திறக்க வேண்டும்.

அன்புடன்,
ரகு