திருப்பத்தூரில் தூக்கிலேறியவர்களின் பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் என் பேத்தியை அழைத்துக்கொண்டு மேலூரிலிருந்து பேருந்தில் திருப்பத்தூருக்குச் சென்றிருந்தேன். (வடக்கே அதே பெயரில் ஒரு மாவட்டமே இருப்பதால், நான் சொல்வது சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூர் என்பதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.) 1801 அக்டோபர் 24 அன்று பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் கும்பினிப் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) படையினர் தூக்கிலிட்ட ஊர் அது. அவர்களுடன் 500-க்கும் மேற்பட்டோர் தூக்கிலேற்றப்பட்டனர் என்பது எங்கள் பகுதியில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு.

நினைவு மண்டபத்தின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் காய்ந்த தரையில் கால்மாற்றி நின்றபடியே பேத்தி கேட்டாள்: “தாத்தா, மத்தவங்க பேரெல்லாம் என்ன?” 32 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். இரண்டு சகோதரர்களின் பெயர்களைத் தாண்டி என்னால் அவளுக்கு அதிகம் சொல்ல முடியவில்லை. அன்று முதல் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

சான்றுகள் இல்லாத காலமன்று அது. சாதி, சமய வேறுபாடின்றி எல்லாரையும் போருக்கு அழைத்துச் சின்ன மருது 1801 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அதன் வாசகம் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. அக்டோபர் முதல் நாள் மருதுவின் கோட்டையான காளையார்கோயில் வீழ்ந்தது. அடுத்த சில வாரங்களில் நடந்தவற்றுக்குக் கும்பினிப் படையதிகாரியான ஜேம்ஸ் வெல்ஷ் என்பவரே சாட்சி. தமக்கு ஈட்டியும், வளரி என்னும் வளைந்த எறிபடையும் எறியக் கற்றுக்கொடுத்த சின்ன மருதுவைப் பின்னாளில் வேட்டை விலங்கைப் போலத் துரத்த நேர்ந்ததையும், தொடையெலும்பு முறிந்து சிறையில் கிடந்த அவரைக் கண்டதையும், இறுதியில் அவர் மகனோடும் அவரைச் சேர்ந்த பலரோடும் தூக்கில் தொங்கக் கண்டதையும், 1830-இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். பகைவன் கைப்பட எழுதிய அந்தப் பத்தியை, அது நடந்த மண்ணிலேயே நின்று நம் பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தூக்குக்குத் தப்பியவர்களின் கதையும் கொடியது. சிவகங்கையின் மன்னராயிருந்த வேங்கன் பெரிய உடையணத் தேவரும், சின்ன மருதுவின் 15 வயது மகன் துரைசாமியும் உள்ளிட்ட 70-க்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். 1818-இல் அங்கே துரைசாமியைச் சந்தித்த வெல்ஷ், முப்பது வயதை ஒட்டியிருந்த அவர் கிழவரைப் போல் உருக்குலைந்திருந்ததாகக் குறிப்பிடுகிறார். என் பேத்திக்கு இப்போது வயது 14. இதைக் கேட்டபின் ஊர் வந்து சேரும்வரை அவள் பேசவேயில்லை.

மதுரைக்காரர்களுக்குச் சான்றின் முன் நிற்கும் பழக்கம் உண்டு. தமுக்கம் பக்கத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகத்தில், அண்ணல் சுடப்பட்டபோது அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த துணி கண்ணாடிக்குள் இருக்கிறது. கூச்சலிட்டுக்கொண்டு உள்ளே வரும் பள்ளிப் பிள்ளைகள் அதன் முன் தாமாகவே அடங்கிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். திருப்பத்தூரிலும் அப்படிப்பட்ட முழுமையான அருங்காட்சியகம் ஒன்று வேண்டும். சின்ன மருதுவின் அறிக்கை முழுவதும் அங்கே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வளரி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கும்படி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கும்பினி ஆவணங்களிலிருந்தும் சிவகங்கைச் சீமையின் கிராமங்களில் குடும்பம் குடும்பமாக வழங்கிவரும் செய்திகளிலிருந்தும் திரட்டக்கூடிய பெயர்களை எல்லாம், ஊர்ப்பெயரோடு கல்லில் பொறிக்க வேண்டும்.

ஆண்டுதோறும் அக்டோபர் 24 அன்று அங்கே மாலையணிவிக்க வரும் அரசுப் பொறுப்பிலுள்ளோர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். ஊர் ஊராகச் சென்று பெயர் கேட்டு எழுதும் பணிக்கு ஆள் தேவைப்பட்டால், ஊதியமின்றி வர நானும் என்னோடு ஓய்வுபெற்ற நண்பர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மேலூர், மதுரை மாவட்டம்.