வயருக்கு முத்திரை, ஜாயிண்டுக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மின் பாதுகாப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் நல்ல எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே விழும் சுவிட்ச்) போட்டுவிட்டால் தீப்பிடிக்கும் பயமே இல்லை என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் வயரிங் வேலை பார்த்தவன் நான். அதை அப்படியே விட மனம் வரவில்லை.

நான் பார்த்த வீடுகளில் வயர் நடுவில் எரிந்தது அபூர்வம். எரிந்ததெல்லாம் வயரும் வயரும் சேரும் ஜாயிண்டில்தான். 2 கிலோவாட் கீசர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். அந்த லைனில் ஒரு ஜாயிண்ட் லூஸாகி மூன்றில் ஒரு பங்கு ஓம் தடை உண்டானாலே, அந்த ஓர் இடத்தில் மட்டும் 25 வாட் சூடு கிளம்பும். ஈயம் உருக்குகிற சின்ன சால்டரிங் அயர்னும் அதே 25 வாட்தான். அதை எரியவிட்டு ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து மூடினால் எப்படி இருக்கும்! கரண்ட் கூடவில்லை, அதனால் எம்சிபி விழாது. எர்த்துக்குக் கசிவும் இல்லை, அதனால் கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கிற ஆர்சிசிபியும் பேசாமல் இருக்கும்.

போன மழைக்காலத்தில் என் தங்கை வீட்டில் இதுதான் நடந்தது. கீசர் வேலை செய்துகொண்டே இருந்தது, பாக்ஸ் உருகிக்கொண்டும் இருந்தது. கருகிய வாடை வந்தபிறகு திறந்தால், உள்ளே வயர் முனைகளைச் சேர்க்க ஆன்லைனில் வாங்கிய, குத்திச் செருகும் கனெக்டர். விளக்கத்தில் ஒற்றை இழைக் கம்பிக்கு மட்டும் என்று போட்டிருக்கிறது. நம் வீடுகளில் ஓடுவதோ பெரும்பாலும் பல இழை வயர். திருகிச் செருகியிருக்கிறார்கள், பாதி இழை வெளியே நிற்கிறது. வேலை செய்த பையனைக் கேட்டால், "சிஇ மார்க் இருக்குண்ணே" என்கிறான்.

இங்கேதான் குழப்பம். இந்த வகைப் பொருளுக்கு ஐரோப்பாவின் சிஇ குறி, தயாரிப்பாளர் தன் பொறுப்பில் தானே போட்டுக்கொள்வது. வெளி ஆய்வகம் சோதித்தது என்று அதற்கு அர்த்தமில்லை. பொருட்களைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்காவின் யூஎல் அமைப்பு, தலைகீழாகத் திரும்பிய ஆர் எழுத்தோடு ஒரு குறி தருகிறது. அது ஒரு கருவிக்குள் பாகமாகப் பொருத்துவதற்கு, அதுவும் நிபந்தனைகளோடு. அதைக் கழற்றிக்கொண்டுவந்து வீட்டு லைனில் மாட்டினால் அந்த ஒப்புதல் கூடவே வராது.

கனெக்டரே வேண்டாம், முறுக்கி டேப் சுற்றுவதே மேல் என்று நான் சொல்லவில்லை. டேப்பின் பசை நம் ஊர் வெயிலில் எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியும். கனெக்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60998-இன்படி தேறிய கனெக்டர் நல்ல பொருள். முழு கரண்ட் விட்டாலும் முனையின் சூடு சுற்றுப்புறச் சூட்டைவிட 45 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. ஸ்க்ரூ இல்லாத வகை என்றால், சூடேற்றி ஆறவிட்டு 192 சுற்று சோதிப்பார்கள். ஆனால் எந்த வகைக் கம்பி, எத்தனை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தடிமன் என்று குறித்திருக்கிறதோ அதற்குத்தான் அந்தத் தேர்ச்சி.

அலுமினியமும் செம்பும் சேரும் இடம் இன்னும் மோசம். அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரை நிறைய வீடுகளுக்கு அலுமினிய வயரிங் போட்டு, ஜாயிண்டுகளில் தீப்பிடித்து அவதிப்பட்டார்கள். கம்பிகளின் மேல் முறுக்கி மாட்டும் சாதாரண கனெக்டரை நிரந்தரத் தீர்வாக அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏற்கவில்லை. நம்மிடம் கம்பத்திலிருந்து அலுமினிய சர்வீஸ் வயர் வந்து செம்போடு சேருகிற வீடுகள் எத்தனையோ. அந்த இடத்தை யார் பார்க்கிறார்கள்?

பிவிசி வயர், சுவிட்ச், பிளக் எல்லாவற்றுக்கும் ஐஎஸ்ஐ கட்டாயம் என்று மத்திய அரசு 2003-லேயே ஆணை போட்டது. அதனால் கடையில் வயர் வாங்குகிறவர் முத்திரையைத் திருப்பிப் பார்க்கிறார். கனெக்டர்களில் அதே முத்திரையைத் தேடி நான் களைத்ததுதான் மிச்சம். இந்தச் சின்னப் பொருளையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். புது சர்வீசுக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இரண்டு ஜங்ஷன் பாக்ஸையாவது திறந்து, வயரை இழுத்துப் பார்க்கட்டும்.

அப்புறம், அந்த எம்சிபி வரியை அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு பேர் எனக்கே போன் செய்து, "எம்சிபி மாத்திட்டா போதும்ல?" என்று கேட்டுவிட்டார்கள்.

தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
மதுரை