கால்மிதி மேல் போட்ட பழி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போன தடவை உன் வீட்டில் தங்கியிருந்தபோது ராத்திரி குளியலறை வாசலில் விழுந்தேனே, கால்மிதி வழுக்கிவிட்டது என்றேன். விடிந்ததும் நீ அந்தக் கால்மிதியைச் சுருட்டிக் குப்பையில் போட்டாய். பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொன்னது பொய்.

நேற்று போனில் நீ கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். அடுத்த மாதம் அப்பா உன்னிடம் வரும்போது அவர் முதுகுவலிக்கும் அந்தக் கஞ்சா மிட்டாயைக் கொடுத்துப் பார்க்கலாமா என்றாய். "உனக்கு ஒத்துக்கிச்சே அம்மா" என்று வேறு சொன்னாய். ஒத்துக்கொள்ளவில்லை. சொல்ல வெட்கப்பட்டு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனியும் மூடிக்கொண்டிருந்தால் அது அப்பா தலையில்தான் விடியும்.

நடந்தது இதுதான். முழங்கால் வலியில் தூக்கம் வரவில்லை என்று நான் புலம்ப, நீ ஒரு மிட்டாயைப் பாதியாக வெட்டிக் கொடுத்தாய். பாதிக்கு மேல் வேண்டாம் என்றும் சொன்னாய். 9 மணிக்குப் போட்டேன். 10 மணி வரை ஒன்றும் தெரியவில்லை. வலி அப்படியே இருந்தது. நீ படுக்கப் போன பிறகு சமையலறை இழுப்பறையைத் திறந்து மீதிப் பாதியையும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். 34 வருஷம் வார்டில் நின்று, "டாக்டர் எழுதினதுக்கு மேல ஒரு மாத்திரை போடக்கூடாது" என்று ஊரையே அதட்டியவள் நான். எனக்கென்று வந்தபோது அந்த நர்ஸ் புத்தி எங்கே போனதோ!

பதினொன்றரை இருக்கும், விழித்துக்கொண்டேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. பழக்கதோஷம், கை தானாக மணிக்கட்டுக்குப் போனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடியை எண்ணினேன். இருபதோ முப்பதோ வந்ததும் எண்ணிக்கை நழுவிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் நழுவியது. முள் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. எனக்கு நாடி பார்ப்பது மூச்சு விடுகிற மாதிரி. அது கைவிட்டுப் போனதும்தான் உண்மையிலேயே பயந்தேன். தண்ணீர் குடிக்கலாம் என்று சட்டென்று எழுந்தேன். கண் இருட்டியது. வாஷ்பேசினைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது, அடுத்த ஞாபகம் கன்னத்தில் பட்ட தரையின் குளிர்ச்சி. இடுப்பு எலும்பு தப்பியது என் அதிர்ஷ்டம். தொடையில் கன்றிப்போன இடம் மறைய மூன்று வாரம் ஆனது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நீ எவ்வளவு கெஞ்சினாய்! நான் ஏன் மறுத்தேன் தெரியுமா? போனால் முதல் கேள்வியே என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்பதுதான். அதற்குப் பதில் சொல்லக் கூச்சம். சொல்லாமல் மறைத்திருந்தால் இன்னும் மோசம். வயசானவள் ஒருத்தி குழறிக் குழறிப் பேசிக்கொண்டு வந்தால் பக்கவாதமோ என்று தலையை ஸ்கேன் எடுக்கத்தானே தோன்றும்?

வீடு திரும்பியதும் உட்கார்ந்து படித்தேன். ஏன் அப்படி ஆனது என்று இப்போது புரிகிறது. புகைத்தால் சில நிமிஷத்தில் தலைக்கு ஏறிவிடும், போதும் போதாது என்று அப்போதே தெரியும். தின்றால் அப்படியில்லை. குடலில் இறங்கி, ஈரல் வழியாகப் போய், அங்கே கஞ்சாவில் போதை ஏற்றுகிற டி.எச்.சி. என்ற சரக்கு இன்னொரு வடிவமாக மாறுகிறது. மூளைக்கு அதன் வீரியம் கொஞ்சமும் குறைவில்லை. வேலையைக் காட்டத் தொடங்க அரை மணியும் ஆகலாம், 2 மணி நேரமும் ஆகலாம். உச்சத்துக்குப் போக 2 முதல் 4 மணி நேரம். இறங்க 12 மணி நேரம்கூடப் பிடிக்கும். இடையில் "ஒண்ணும் ஆகலையே" என்று இரண்டாவது தடவை போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த மெல்லுகிற மிட்டாய்க்கு உங்கள் இங்கிலீஷில் 'கம்மி' என்று பேர். பேர்தான் கம்மி!

வயசு வேறு சேர்ந்துகொள்கிறது. வயசாக ஆக உடம்பில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. டி.எச்.சி. கொழுப்பில் கரைகிற சரக்கு, போய் அங்கே தங்கிவிடும். ஈரலும் சிறுநீரகமும் முன்போல வேகமாக வேலை செய்வதில்லை. முப்பது வயசில் நீ தின்று நன்றாகத் தூங்கிய அளவு எனக்கு அளவே இல்லை. போதாக்குறைக்கு நான் ராத்திரி ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவள். கஞ்சா இதயத் துடிப்பைக் கூட்டும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கியும் விடும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் உன் குளியலறை வாசலில் பார்த்தோம்.

நான் மட்டும்தான் இப்படி அசடு என்று நினைத்திருந்தேன். இல்லையாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 65 வயதைத் தாண்டியவர்கள் கஞ்சா நச்சேறி அவசர சிகிச்சைக்கு வந்ததை 2015 முதல் 2022 வரை கணக்கெடுத்திருக்கிறார்கள். மொத்தம் 2,322 தடவை. அங்கே 2018 அக்டோபரில் கஞ்சா சட்டபூர்வமானது, 2020 ஜனவரியில் தின்கிற வகைகள் கடைக்கு வந்தன. அதற்குப் பிறகு இந்த விகிதம் சட்டத்துக்கு முன்பிருந்ததைப் போல மூன்று மடங்கு ஆகிவிட்டது. இவர்களில் எத்தனை பேர் போதைக்காகத் தின்றார்கள், எத்தனை பேர் என்னைப் போல வலிக்காகத் தின்றார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

சரி, அப்பா விஷயம். நான் விழுந்தேன், தொடை கன்றியது, அவ்வளவுதான். அப்பா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர். தலை எங்காவது இடித்தால் உள்ளே ரத்தக் கசிவு. நான் பயப்படுவது அதற்குத்தான். விழாவிட்டாலும் ஆபத்து இருக்கிறது. வார்ஃபரினைச் சிதைத்து வெளியேற்றுகிற ஈரல் நொதியின் வேலையை டி.எச்.சி.யும் மந்தமாக்கும், கஞ்சாவிலேயே போதை தராத இன்னொரு சரக்கான சி.பி.டி.யும் மந்தமாக்கும். மருந்து உடம்பிலேயே தேங்கும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். கணக்கு ஏறும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அதை நிறுத்தி வைக்க அப்பாவும் நானும் எவ்வளவு பாடுபடுகிறோம் என்று உனக்கே தெரியும். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தாலே நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

"அப்ப டி.எச்.சி. இல்லாத, வெறும் சி.பி.டி. எண்ணெய்?" என்று நீ கேட்பாய். உன்னை எனக்குத் தெரியாதா! நொதி விஷயம் அதற்கும் பொருந்தும். லேபிளையும் முழுசாக நம்ப முடியாது. 2017-ல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருள்களை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 100-க்கு 31-ல்தான். 18 பொருள்களில் டி.எச்.சி.யும் இருந்தது.

மாரடைப்பு பற்றியும் படித்தேன். அமெரிக்காவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு எடுத்த கணக்கு ஒன்று 2024-ல் வந்தது. தினம் கஞ்சா எடுப்பவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 25 சதவீதமும் பக்கவாத வாய்ப்பு 42 சதவீதமும் கூடுதல் என்கிறது. ஆனால் அதில் பெரும்பாலானவர்கள் புகைப்பவர்கள், அப்பா புகைக்கப் போவதில்லை. ஆகவே அதைக் காட்டி உன்னைப் பயமுறுத்த மாட்டேன். மறதி நோய் விஷயமும் அப்படித்தான். கஞ்சாவால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்குப் பின்னால் அந்த நோய் கூடுதலாக வருகிறது என்று ஒன்டாரியோவிலேயே இன்னொரு கணக்கு சொல்கிறது. கஞ்சாதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் நாடி எண்ணிக்கை நழுவிய அந்த ராத்திரியை நினைத்தால் அதைப் படிக்கும்போது வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

கஞ்சாவில் மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. கீமோதெரபி வாந்திக்கு டி.எச்.சி.யைச் செயற்கையாகத் தயாரித்த மாத்திரை 1985-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. நாள்பட்ட வலியில் சிலருக்குப் பலன் உண்டு என்று பெரிய ஆய்வுக் குழுக்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவையெல்லாம் டாக்டர் கண்காணிப்பில், மற்ற மாத்திரைகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துளித்துளியாக ஏற்றிக் கொடுப்பவை. இழுப்பறையிலிருந்து எடுத்து வெட்டிக்கொள்வது வேறு சமாச்சாரம். "இயற்கையானதுதானே" என்று நீ ஆரம்பிக்காதே, அரளி விதையும் இயற்கையானதுதான்.

என் முழங்காலுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்பாய். பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த தொடைத் தசைப் பயிற்சியைத் தினம் செய்கிறேன். அலுப்பாக இருக்கிறது, ஆனால் மாடிப்படி கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. தூக்கம் முன்போலத்தான், மூன்று மணிக்கு ஒருமுறை விழிப்பு வந்துவிடுகிறது. பழகிவிட்டது.

அன்று நடந்ததை என் டாக்டரிடம் போன வாரம்தான் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாக எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, கூட என்ன மாத்திரை என்று கேட்டு எழுதிக்கொண்டார். எத்தனை மில்லிகிராம் என்பதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. டப்பாவைப் பார்த்துச் சொல்.

உன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. வலியோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்க்கச் சகிக்காமல் கொடுத்தாய். அப்பாவுக்கும் அதே மனசோடுதான் கேட்கிறாய். அவருக்கு வேண்டாம். அவர் வருவதற்குள் அந்த டப்பாவை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பூட்டி வை. அப்பா கைக்கு எட்டாமலிருக்க மட்டுமில்லை, பேரன் கண்ணுக்கு அது வெறும் மிட்டாய். நல்ல வேளை, அன்று அதைத் தேடி எடுத்தது நான்.

வியாழக்கிழமை அப்பாவுக்கு ஐ.என்.ஆர். பரிசோதனை. ரிசல்ட் வந்ததும் கூப்பிடுகிறேன். மாத்திரைப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புகிறேன். அவர் வந்து இறங்கியதும் அதை வாங்கி உன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டிவிடு.

அந்தக் கால்மிதி நல்ல தடிமனான கால்மிதி. அதே மாதிரி ஒன்று வாங்கிப் போடு, ஈரக் காலோடு நடப்பவர் உன் அப்பா.

அன்புடன்,
அம்மா