சித்தப்பா வருகிறார், ரப்பர் செருப்பு மறக்காதே

அன்புள்ள கண்ணம்மா,

டிசம்பர் கடைசியில் சித்தப்பாவும் சித்தியும் புடாபெஸ்ட் வரும்போது எங்கெல்லாம் கூட்டிப்போகலாம் என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய பட்டியலில் இரண்டு நாளுக்குப் பதினாலு இடம். வேண்டாம்மா. அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும், போன தடவை எங்களையும் இப்படித்தான் ஓட்டினாய், அம்மாவுக்கு இன்று நினைவிருப்பதெல்லாம் டிராம் ஜன்னல்தான்.

ஒரு முழு நாளை நகரப் பூங்காவுக்கே கொடு. அந்தச் சின்ன மஞ்சள் மெட்ரோவில் போங்கள். 1896இல் போட்டது, சாலைக்குச் சற்றுக் கீழேயே ஓடுவதால் கொஞ்சம் படி இறங்கினால் ரயில். சித்தியின் முழங்காலுக்கு அது போதும். மற்ற லைன்களின் நீள எஸ்கலேட்டரில் அம்மா என் கையைப் பிடித்த பிடி எனக்கு இன்னும் வலிக்கிறது.

காலையிலேயே பூங்காவுக்குள் இருக்கும் சேச்செனி வெந்நீர்க் குளியலகம். 1913இல் திறந்தது. பூமிக்குள்ளிருந்து 70 டிகிரிக்கு மேல் கொதித்து வரும் தண்ணீர், ஆற்றித்தான் விடுகிறார்கள், வெளியே இருக்கும் வெந்நீர்க் குளம் 38 டிகிரி வரை இருக்கும். நான் ரப்பர் செருப்பு எடுக்காமல் போய், கதவிலிருந்து குளம் வரை உறைந்த கல் தரையில் வெறுங்காலோடு ஓடினேனே, தீமிதியில்கூட யாரும் அப்படி ஓடியிருக்க மாட்டார்கள்! கழுத்துவரை இறங்கியதும்தான் உயிர் வந்தது. ஆவியில் பக்கத்து ஆள் முகம் தெரியவில்லை. ஆவி கொஞ்சம் விலகியபோது பார்த்தால், இரண்டு தாத்தாக்கள் மார்பளவு தண்ணீரில் நின்றபடி நிதானமாகச் செஸ் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா கூச்சப்பட்டு உள்ளே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டு இப்போது புலம்புகிறாள். சித்திக்கு முழுக்கை நீச்சல் உடை முன்னாடியே வாங்கிவிடு.

சாயங்காலம் விளக்கு போட்டதும் பனிச்சறுக்குத் திடல். கோடையில் படகு விடுகிற ஏரி அது. குளிர்காலத்தில் ஐஸ் போடுகிறார்கள், 1870லிருந்தே அங்கே சறுக்குகிறார்களாம். சித்தப்பா இறங்கியே தீருவேன் என்பார். ஸ்கேட் வாடகைக்குக் கிடைக்கும், இடுப்பெலும்பு கிடைக்காது என்று அண்ணன் சொன்னதாகச் சொல். பக்கத்துக் கோட்டையை வேடிக்கை பார்த்தபடி, கட்டையில் மாவைச் சுற்றிச் சர்க்கரை உருக வாட்டித் தருவார்களே, அந்தக் கூர்த்தோஷ்கலாச்சைச் சூடாக வாங்கிக் கொடு, பேசாமல் இருப்பார்.

அப்புறம், துண்டு கூடுதலாக எடுத்துப்போ, ஈரத் தலையோடு யாரையும் வெளியே விடாதே. புளிக்காய்ச்சலும் அப்பளமும் சித்தியிடம் கொடுத்தனுப்புகிறோம்.

அப்பா