ஆஃபா, ஃபாரா?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் சட்டம் படிக்கச் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. இங்கே எல்லோரும் நலம். கண்புரை அறுவை முடிந்து, பிழைதிருத்தும் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

கல்லூரி இதழுக்கு அவள் எழுதிய ஆங்கிலச் செய்தியைப் பார்த்துச் சொல்லக் கேட்டிருந்தாய். நல்ல நடை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பற்றி எழுதுகிற இடத்தில் முன்னிடைச்சொற்கள் (ப்ரெபொசிஷன்கள்) படுத்துகின்றன. ‘சஸ்பெக்டட் ஃபார் தெஃப்ட்’, ‘அக்யூஸ்டு வித் மர்டர்’ என்கிறாள். இரண்டிலும் ‘ஆஃப்’தான் வர வேண்டும். சந்தேகிப்பதில் தொடங்கி, கன்விக்டட் (குற்றவாளி என்று தீர்ப்பானவர்), அக்விட்டட் (விடுவிக்கப்பட்டவர்), கில்ட்டி வரைக்கும் எல்லாம் ‘ஆஃப்’ கூட்டம்தான். ‘சார்ஜ்டு’ மட்டும் முறுக்கிக்கொண்டு ‘வித்’ கேட்கும். சரி, அதோடு விட்டதா? அதே சார்ஜ் பெயர்ச்சொல்லாக வந்தால் ‘ஆன் எ சார்ஜ் ஆஃப் மர்டர்’. இவை இரண்டும் கலந்துபோய்த்தான் ‘சார்ஜ்டு ஆஃப்’ என்று பலரும் எழுதுகிறார்கள்.

பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ‘திருட்டுக்காக’ என்று தமிழில் நினைத்தால் கை தானாக ‘ஃபார்’ போடும். ‘அவர் மீது வழக்கு’ என்று நினைத்தால் ‘கேஸ் ஆன் ஹிம்’ வந்துவிடும்; அங்கே ‘அகெய்ன்ஸ்ட்’ வேண்டும்.

நான் அதிக நேரம் நின்றது ‘அரெஸ்டட் ஃபார் கில்லிங் ஹிஸ் நெய்பர்’ என்ற வரியில். இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் படிக்கிறவன் என்ன நினைப்பான்? கொன்றான், பிடித்தார்கள், அவ்வளவுதான். நீதிமன்றத்துக்கு வேலையே இல்லை! அமெரிக்கப் பத்திரிகைகள் பார்த்து எழுதும், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடான ஏ.பி. ஸ்டைல்புக் இதனால்தான் இந்த ‘ஃபார்’ வேண்டாம் என்கிறது. குற்றச்சாட்டுப் பதிவாகியிருந்தால் ‘ஆன் எ சார்ஜ் ஆஃப்’ போதும். அதற்கு முந்தைய கட்டம் என்றால் ‘ஆன் சஸ்பிஷன் ஆஃப்’. பிரிட்டன் போலீஸ் அறிவிப்புகளிலும் இதுதான் வழக்கம். ‘சந்தேகத்தின் பேரில்’ என்று நாம் எழுதுகிறோமே, கிட்டத்தட்ட அதேதான். தீர்ப்பு வந்த பிறகு ‘சென்டென்ஸ்டு டு ஃபைவ் இயர்ஸ் ஃபார் தெஃப்ட்’ என்று தாராளமாக எழுதலாம்.

‘அக்யூஸ்டு மர்டரர்’ என்பதையும் மாற்றச் சொல். அதில் முன்னிடைச்சொல்லே இல்லைதான், ஆனால் ‘கொலைகாரன்’ என்ற பட்டம் இப்போதே ஒட்டிவிட்டது. ‘அக்யூஸ்டு ஆஃப் மர்டர்’ என்றால் போதும். அப்புறம், முகமே தெரியாத திருடனை ‘சஸ்பெக்ட்’ என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாள். யார் மேலாவது சந்தேகம் விழுந்தால்தானே சஸ்பெக்ட்? அதுவரை அவன் வெறும் திருடன்.

திருத்திய தாளை இதோடு வைத்திருக்கிறேன். அந்த வழக்கு இன்னும் விசாரணையில்தானே இருக்கிறது? அச்சுக்குப் போகும் முன் அதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளச் சொல். தீர்ப்பு வந்திருந்தால் பாதித் திருத்தங்களை மாற்றிப் போட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்